குறிஞ்சி எப்போ பூக்கும்? மேல்மலையிலிருந்து சில பதில்கள்

நான் கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடர்க்காரன். பூம்பாறைப் பக்கம் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற குடும்பம், சீசனில் வருகிறவர்களை ஜீப்பில் மன்னவனூர், கவுஞ்சி என்று கூட்டிப்போய் வருவதும் உண்டு. வண்டியில் ஏறி உட்கார்ந்து பத்து நிமிஷம் ஆவதற்குள் யாராவது ஒருத்தர் குறிஞ்சியைப் பற்றிக் கேட்டுவிடுவார். வளைவில் வண்டியைத் திருப்பிக்கொண்டே நீளமாகப் பதில் சொல்ல முடிவதில்லை, அதனால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை எல்லாம் இங்கே எழுதி வைத்துவிடுகிறேன்.

குறிஞ்சி அடுத்து எப்போ பூக்கும்?

2030. கடைசியாகப் பூத்தது 2018, அதற்கு முன்னால் 2006, 1994, 1982. பன்னிரண்டு பன்னிரண்டாகப் பின்னால் எண்ணிக்கொண்டே போனால் 1838 வரைக்கும் போகலாம், எழுத்தில் பதிவான கணக்கு அந்த வருஷத்தில்தான் தொடங்குகிறது. மூன்று தடவை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். 1994இல் எனக்கு ஒன்பது வயசு, அப்பா தோளில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினார்.

ஆனால் நடுவில் சில வருஷங்களில் "குறிஞ்சி பூத்தது" என்று பேப்பரில் படம் போடுகிறார்களே?

போடுகிறார்கள், அது பொய்யும் இல்லை. குறிஞ்சி என்பது ஒரே ஒரு செடி கிடையாது, பெரிய குடும்பம். மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் நாற்பதுக்கு மேற்பட்ட வகை இருக்கிறது. வருஷா வருஷம் பூப்பது உண்டு, ஏழெட்டு வருஷத்துக்கு ஒருமுறை பூப்பதும் உண்டு. மகாராஷ்டிரப் பக்கம் கார்வி என்று சொல்வார்கள், அது எட்டு வருஷக் கணக்கு. நாம் பாட்டிலும் கதையிலும் கேட்டு வளர்ந்த குறிஞ்சி நீலக்குறிஞ்சி, தாவரவியலில் ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா. அதற்குத்தான் பன்னிரண்டு வருஷம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீலக்குறிஞ்சியிலேயே எல்லா மலையும் ஒரே கடிகாரத்தில் ஓடுவதில்லை. ஒரு சரிவில் இருக்கும் கூட்டம் முழுக்க ஒன்றாகப் பூக்கும், ஆனால் வேறொரு மலையில் அதே செடி வேறு வருஷத்தில் பூக்கலாம். தப்பிப் பிறந்த மாதிரி அங்கொன்றும் இங்கொன்றும் முன்னே பின்னே பூப்பதும் நடக்கும். அதனால் பேப்பரில் படம் வந்தால் எந்த மலை, என்ன வகை என்று பார்த்துவிட்டு வண்டி ஏறுங்கள்.

பூத்ததும் செடி செத்துப்போகும் என்பது உண்மையா?

உண்மை. ஒரு செடி வாழ்நாளில் ஒரே தடவைதான் பூக்கும். பூத்து, காய்த்து, விதையைக் கொட்டிவிட்டு அப்படியே காய்ந்துவிடும். பூத்த அடுத்த வருஷம் அந்தச் சரிவைப் பார்த்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும், எங்கே பார்த்தாலும் கறுத்துக் காய்ந்த குச்சி. ஆனால் குனிந்து பார்த்தால் அடியில் புல்லுக்கு நடுவே இரண்டு இலை, நாலு இலையாக முளைத்துக் கிடக்கும். அதுதான் அடுத்த குறிஞ்சி. அது முட்டி உயரம், இடுப்பு உயரம் வருவதற்குள் பத்துப் பதினோரு வருஷம் போய்விடும்.

ஏன் இப்படி எல்லாம் சேர்ந்து பூக்க வேண்டும் என்பதற்கு அறிவியலில் சொல்லும் விளக்கம் எனக்குப் பிடித்த ஒன்று. வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக விதை விட்டால் பூச்சியும் பறவையும் எலியும் எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிடும். பன்னிரண்டு வருஷம் ஒன்றுமே கொடுக்காமல் இருந்து ஒரே தடவையில் மலை முழுக்கக் கொட்டினால், தின்கிறவை எவ்வளவு தின்றாலும் மிச்சம் மண்ணில் கிடக்கும். மூங்கிலும் இதே வழிதான். தனியாக ஒரு செடியால் முடியாததைக் கூட்டமாக நின்று செய்கிறது. கூட்டம் சிறுத்துப்போனால் இந்த வழி வேலை செய்யாது என்பதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி வருகிறேன்.

1838க்கு முன்னால் யாருக்கும் இந்தப் பூவைத் தெரியாதா?

இந்தக் கேள்வி வந்தால் எனக்குக் கொஞ்சம் ஆற்றாமை வரும், கேட்கிறவர் மேல் இல்லை. 1838 என்பது வெள்ளைக்காரர்கள் மலை ஏறி வந்து குறித்து வைத்த கணக்கு. நம்மவர்களோ அதற்கு ஆயிரத்து எழுநூறு, எண்ணூறு வருஷம் முன்னாலேயே ஒரு நிலத்துக்கே இந்தப் பூவின் பெயரை வைத்துவிட்டார்கள். மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி. தெய்வம் முருகன், பொழுது நள்ளிரவு, பயிர் தினை, தொழில் தேன் எடுப்பது, ஒழுக்கம் காதலர் சேர்வது. பள்ளிக்கூடத்தில் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்தோமே, அதேதான். அட்டவணையாகப் படித்ததில் ஒரு நஷ்டம், அது உயிரோடு இருக்கும் செடி என்பதே பலருக்குத் தெரியாமல் போய்விட்டது.

குறுந்தொகையில் மூன்றாம் பாட்டு, தேவகுலத்தார் பாடியது. "நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று" என்று தொடங்கும். அவனோடு எனக்குள்ள நட்பு நிலத்தைவிடப் பெரியது, வானத்தைவிட உயர்ந்தது, கடலைவிட ஆழமானது என்று சொல்லிவிட்டு, அவன் எந்த ஊர்க்காரன் என்று ஒரு பெண் சொல்கிறாள்: "கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு பெருந்தேன் இழைக்கும் நாடன்". கருங்கோல் என்றால் கறுத்த தண்டு. நீங்கள் ஒரு குறிஞ்சிச் செடியின் இலையை விலக்கிப் பாருங்கள், தண்டு அப்படித்தான் கறுத்து விறைப்பாக இருக்கும். பாட்டைக் கேட்டு எழுதியதாகத் தெரியவில்லை, செடிக்குப் பக்கத்தில் நின்றவர்தான் அந்த வார்த்தையைப் போட முடியும். அப்புறம் அந்தப் "பெருந்தேன்". குறிஞ்சி பூத்த வருஷம் மலையில் தேனீ இரையும் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு அந்த ஒரு சொல் போதும். காதலின் அளவைச் சொல்ல வந்த இடத்தில், இத்தனை வருஷம் காத்திருந்து பூக்கும் பூவையும் அதில் தேனீ சேர்க்கும் தேனையும் கொண்டுவந்து வைத்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர் வரிசையாக வரும். காந்தள், ஆம்பல், அனிச்சம், குவளை, ஐந்தாவதாகக் குறிஞ்சி. பாட்டுக்கே பெயர் கொடுத்த பூ வரிசையில் தலைமை கேட்காமல் நிற்கிறது.

நீலகிரிக்குப் பெயர் வந்ததே இந்தப் பூவால்தானா?

மலையே நீலமாகத் தெரிந்ததால் நீலகிரி என்று ரொம்பக் காலமாகச் சொல்லி வருகிறார்கள். தூரத்திலிருந்து பார்க்கும்போது காற்றிலும் பனியிலும் எந்த மலையும் நீலமாகத்தான் தெரியும் என்று சொல்கிறவர்களும் உண்டு. பெயர் பழையது என்பதில் மட்டும் சந்தேகம் கிடையாது. சிலப்பதிகாரத்தில் சேரன் செங்குட்டுவன் வடக்கே படை எடுத்துப் போகும்போது நீலகிரியின் பக்கத்தில் தங்கியதாக வருகிறது. ஹொய்சாள மன்னன் விஷ்ணுவர்த்தனன் காலத்து 1117ஆம் வருஷக் கல்வெட்டு நீலமலையையும் அங்கே வாழும் தோடர் பழங்குடியையும் பேசுகிறது. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த வெள்ளைக்காரர் ஜான் சல்லிவன் 1819இல் அந்த மலையை எட்டிப் பார்ப்பதற்கு எழுநூறு வருஷம் முன்னால். 2006இல் ஒரு முழுச் சரிவு நீலமாக நின்றதை நான் பார்த்தேன். பூவால்தான் பெயர் என்று யாராவது சொன்னால் நான் மறுத்துப் பேச மாட்டேன்.

அப்போ தமிழ்நாட்டின் மாநிலப் பூ குறிஞ்சிதானே?

இல்லை, செங்காந்தள். பத்தில் ஏழு பேர் இதைத் தப்பாகச் சொல்கிறார்கள். கார்த்திகைப் பூ, கண்வலிக்கிழங்குப் பூ, கலப்பைக் கிழங்குப் பூ என்றெல்லாம் சொல்வோமே, அதுதான். தீ நாக்கு மாதிரி சிவப்பும் மஞ்சளுமாக இதழ் மேலே வளைந்து நிற்கும். எங்கள் மலை இறங்கி ஒட்டன்சத்திரம், தாராபுரம், மூலனூர் என்று போனால் பந்தல் போட்டுப் பயிராகவே வளர்க்கிறார்கள், விதைக்கு மருந்துக் கம்பெனிகளிடம் நல்ல விலை. கிழங்கு கொடிய விஷம், குழந்தைகள் கைக்கு எட்டவிடாதீர்கள். ஜிம்பாப்வே நாட்டுக்கும் இதுதான் தேசியப் பூ.

குறிஞ்சி நிலத்தின் பூக்களில் காந்தளும் ஒன்றுதான், கபிலர் முதலில் சொன்னதும் அதைத்தான். அதனால் காந்தளுக்குக் கொடுத்த பெருமையில் எனக்குக் குறை இல்லை. நீலக்குறிஞ்சி தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா என்று மூன்று மாநிலத்திலும் பூக்கிறது, மூன்றிலும் மாநிலப் பூ இல்லை. கேரளாவுக்குக் கொன்றை, கர்நாடகாவுக்குத் தாமரை. பட்டம் ஏதும் இல்லாமலேயே மலைக்கு அடையாளமாக இருக்கிறது. 2006இல் தபால்தலை வெளியிட்டார்கள், அது ஒரு சந்தோஷம்.

குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்கும் பூவுக்கும் என்ன சம்பந்தம்?

கொடைக்கானல் ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர்தான், கட்டாயம் போங்கள். குறிஞ்சி நிலத்துக் கடவுள் முருகன், அதனால் குறிஞ்சி ஆண்டவர். 1936இல் கட்டிய கோயில். கட்டியவர் இந்து சமயத்தைத் தழுவிய வெள்ளைக்காரப் பெண்மணி லீலாவதி ராமநாதன், இலங்கைத் தலைவர் பொன்னம்பலம் ராமநாதனின் மனைவி. இப்போது பழனிக் கோயில் நிர்வாகத்தில் இருக்கிறது. மூடுபனி இல்லாத நாளில் அங்கே நின்றால் கீழே பழனி முருகன் கோயில் மலை தெரியும். வள்ளியைக் கட்டிக்கொண்டபோது முருகன் குறிஞ்சி மாலை போட்டிருந்தான் என்று இங்கே சொல்வார்கள்.

மலைவாசிகள் குறிஞ்சியை வைத்து வயசு எண்ணுவார்கள் என்கிறார்களே?

எண்ணியிருக்கிறார்கள். பளியர்கள் அப்படித்தான் கணக்கு வைத்ததாகச் சொல்வார்கள். என் வீட்டிலேயே பார்த்தேன், என் அப்பத்தாவுக்குப் பிறந்த தேதி தெரியாது, குறிஞ்சி பூத்த வருஷம் பிறந்தவள் என்பது மட்டும் தெரியும். அந்த வருஷத்தையும் சேர்த்து ஏழு பூ பார்த்தாச்சு என்று 2006இல் விரலை மடக்கிச் சொன்னது. அப்படியானால் 1934இல் பிறந்திருக்க வேண்டும், எழுபத்திரண்டு வயசு. எட்டாவது பூவுக்கு அது இல்லை.

முன்பு மலை முழுக்கப் பூக்கும் என்கிறார்கள். இப்போ ஏன் திட்டுத் திட்டாகத்தான் இருக்கிறது?

இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று இருக்கும், ஆனால் குறைவாகத்தான் கேட்கிறார்கள். எல்லாரும் கேட்பது எப்போ பூக்கும் என்பது. பூக்காத பதினோரு வருஷம் அந்தச் செடி எங்கே நிற்கிறது என்பதுதான் விஷயம்.

குறிஞ்சி புல்வெளிச் செடி. ஏறக்குறைய 1,300 மீட்டரிலிருந்து 2,400 மீட்டர் வரை உயரமுள்ள மலைகளில், மரம் இல்லாத திறந்த சரிவுகளில் வளரும். எங்கள் மலையும் நீலகிரியும் ஒரே அமைப்புத்தான், பள்ளத்தில் சோலைக்காடு, மேட்டில் புல்வெளி. இரண்டும் சேர்ந்துதான் மழையைப் பிடித்து வைத்து ஓடையாக விடுகிறது, இங்கிருந்து வைகைக்கும் அமராவதிக்கும், அங்கிருந்து பவானிக்கும். வெள்ளைக்காரர்கள் வந்து பார்த்தபோது சோலையை மட்டும் காடு என்று எண்ணினார்கள், புல்வெளி அவர்கள் கண்ணுக்குச் சும்மா கிடக்கும் தரிசு. அதில் விறகுக்கு, தோல் பதனிடும் பட்டைக்கு என்று ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரமும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) கொண்டுவந்து நட்டார்கள். நீலகிரியில் 1840களிலேயே கற்பூர மரம் வந்துவிட்டது. தேயிலை வேறு ஒரு பக்கம். சுதந்திரத்துக்குப் பிறகும் நடுவது நிற்கவில்லை, இன்னும் வேகமாக நட்டார்கள், பைன் மரமும் சேர்ந்துகொண்டது. நீங்கள் சினிமாவில் பார்த்து ஆசையாகப் படம் எடுத்துக்கொள்ளும் பைன் தோப்பு இருக்கிறதே, அடியில் ஒரு புல் முளைத்திருக்கிறதா என்று ஒருநாள் பாருங்கள்.

சீகை மரம் இன்னும் மோசம். நட்ட இடத்தில் நிற்காது, விதை மண்ணில் பல வருஷம் கிடந்து, தீப் பட்டால் கூட்டமாக முளைக்கும். வெட்டினால் அடியிலிருந்து துளிர்க்கும். அப்பா ஆடு மேய்த்த சரிவு ஒன்று இருக்கிறது, 1994இல் நான் தோளில் உட்கார்ந்து பூ பார்த்தது அங்கேதான். 2006இல் பாதிச் சரிவில் பூத்தது. 2018இல் போனபோது முழுக்க சீகை, ஓரத்தில் பாறை இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு முப்பது செடி பூத்து நின்றது. அந்த முப்பது செடி போடும் விதை எத்தனை வாய்க்குப் போதும்?

நாங்களும் செய்தோம் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. பூண்டுக்கும் உருளைக்கும் கேரட்டுக்கும் இடம் வேண்டும் என்று மேட்டை வெட்டிப் படிக்கட்டு வயலாக்கியது எங்கள் தாத்தாக்கள் காலத்திலிருந்தே நடக்கிறது. அதற்கு மேல் இப்போது காட்டேஜ் கட்டுகிறார்கள். பதினோரு வருஷம் ஒன்றும் பூக்காமல் புதராக நிற்கும் செடியை ஜேசிபி ஓட்டுகிற பையனுக்கு யார் அடையாளம் காட்டுவது?

பாதுகாப்புக்கு எதுவுமே செய்யவில்லையா?

செய்திருக்கிறார்கள். 1989இல் இயற்கை ஆர்வலர்கள் கொடைக்கானலிலிருந்து மூணாறு வரை குறிஞ்சியைக் காப்பாற்றச் சொல்லி நடந்தே போனார்கள், பெரிய கூட்டம் கிடையாது, ஆனால் பேச்சு அங்கிருந்துதான் கிளம்பியது. 2006இல் கேரள அரசு எங்கள் மலைக் கிராமம் கிளாவரைக்கு அடுத்த பக்கம், வட்டவடை, கோட்டக்கொம்பூர் பகுதியில் 3,200 ஹெக்டேரில் குறிஞ்சிக்கென்றே ஒரு சரணாலயம் அறிவித்தது. இங்கே 2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் வந்தது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலிலும் நீலக்குறிஞ்சி இப்போது இருக்கிறது, பிடுங்கினால் மூன்று வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். 2024இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலிலும் அழிய வாய்ப்புள்ள இனமாகச் சேர்த்துவிட்டார்கள். சீகை போன்ற அந்நிய மரங்களை எடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றமும் உத்தரவு போட்டிருக்கிறது. எடுக்கும் வேலை மெதுவாக நடக்கிறது, எடுத்த இடத்தில் புல்லை மறுபடி நடுவதும் சில இடங்களில் நடக்கிறது. சட்டம் பூவுக்கு வந்தது போதாது, அது நிற்கும் புல்லுக்கும் அதே அக்கறை வேண்டும் என்பது என் எண்ணம்.

ஒரு செடி பிடுங்கிப் போய் வீட்டில் வைக்கலாமா?

வேண்டாம். சமவெளி வெயிலில் பிழைக்காது, சட்டப்படி குற்றமும்கூட. 2018இல் என் வண்டியில் வந்த ஒரு குடும்பம் நான் டீ குடிக்கப் போன நேரத்தில் வேரோடு கைநிறையப் பிடுங்கி டிக்கியில் வைத்துவிட்டது. கோபித்துக்கொண்டேன், பிறகு திரும்ப நட்டுப் பார்த்தோம், பூத்த செடி வாடித்தான் போனது. விதை விழுவதற்கு முன்னால் பூவைப் பறித்தால் பன்னிரண்டு வருஷ வேலை வீண்.

குறிஞ்சித் தேன் கிடைக்குமா?

பூக்கும் வருஷத்தில் கிடைக்கும், அதுவும் தேன் எடுக்கும் ஆட்களிடம் நேரில் சொல்லிவைத்தால். 2018இல் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். மற்ற வருஷங்களில் அந்தப் பெயரோடு பாட்டிலைப் பார்த்தால் வாங்காதீர்கள்.

2030இல் எந்த மாசம் வரணும், எப்படிப் பார்க்கணும்?

ஜூலையில் அங்கங்கே தொடங்கும், ஆகஸ்ட் பாதியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை நன்றாக இருக்கும், அக்டோபரில் குறையும். மழைக்காலம் என்பதை மறக்காதீர்கள். 2018இல் மூணாறு பக்கம் பூ பார்க்க அறை போட்டிருந்தவர்கள் ஆகஸ்ட் வெள்ளத்தில் சாலை அறுந்து போகவே முடியாமல் நின்றார்கள், அதனால் நாள் கையில் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொண்டு வாருங்கள். பேரிஜம் போன்ற இடங்களுக்கு வனத்துறை அனுமதி வேண்டும். நீலகிரியிலும் பூக்கும், கல்லட்டிச் சரிவுப் பக்கம் விசாரியுங்கள்.

காலையில் சீக்கிரம் கிளம்புங்கள், பத்து மணிக்கு மேல் பனி ஏறிவிட்டால் பக்கத்தில் நிற்கும் ஆளே தெரியாது. பாதையை விட்டு இறங்கி நடக்க வேண்டாம், காலடியில் மிதிபடுவது புல் என்றுதான் தோன்றும். பூ மொட்டு விடும்போது வெளிர் நீலம், நாள் ஆக ஆக ஊதா கலந்து அடர்ந்துவிடும், அதனால் ஒரே சரிவில் இரண்டு மூன்று நிறம் பார்க்கலாம்.

அதற்கு முன்னால், பூ இல்லாத ஏதாவது ஒரு வருஷத்தில் வந்தீர்கள் என்றால், மன்னவனூர் போகும் வழியில் வண்டியை நிறுத்தி ஒரு மேட்டைக் காட்டுகிறேன். 2018இல் விழுந்த விதை அங்கே இடுப்புக்குக் கீழே வளர்ந்து நிற்கிறது, ஓரம் பல் பல்லாக இருக்கும் இலை, கறுத்த தண்டு. என் மகள் 2019இல் பிறந்தவள், அவளும் செடியும் ஏறக்குறைய ஒரே வயசு. போகும்போதெல்லாம் செடிக்குப் பக்கத்தில் நின்று யார் உயரம் என்று பார்ப்பாள், இப்போதைக்கு அவள்தான் உயரம்.